கடைசியா எப்ப அழுதனீங்கள்?

நேத்து பீலிக்கரையில தண்ணி புடிக்கிறப்போ நீங்க பேசிக்கிட்டதெல்லாம் என் காதுல விழுந்துச்சு. ஒருத்திக்கு முட்டி புடிச்சிருக்கு, ஒருத்திக்கு நெஞ்செரிச்சல், ஒருத்திக்கு ராத்திரித் தூக்கமே இல்ல. ஆளுக்கொரு போத்தல் வாங்கிப் பலகையில அடுக்கி வச்சிருக்கீங்க. சிவப்பு மருந்து ஒசத்தியா, வெள்ளை மருந்து ஒசத்தியான்னு சண்டை வேற. அடி என் சோட்டுக்காரிகளா, இந்தக் கண்டி மஹய்யாவயில இன்னிக்கு எனக்குத்தான் வயசு கூட. எனக்கு முட்டியும் நல்லாத்தான் இருக்கு, படுத்தா தூக்கமும் வருது. திமிர் புடிச்ச கெழவின்னு சொல்லிட்டுப் போங்க, எனக்கென்ன. நான் ஒரு டாக்டரய்யாவக் கண்ணால பாத்தவ. சின்னப் புள்ளையில, நாங்க வந்த மொத கோப்பிக் காலம். அவர் என்னை உக்கார வச்சு ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. அவரு செஞ்சத நான் பாத்தேன், அம்புட்டுத்தான்.

கோப்பிக் காலத்த நீங்க மறந்திருக்க மாட்டீங்க. இப்ப ஹந்தானை மலை முழுக்கத் தேயிலை. அப்ப அங்க மருந்துக்குக் கூட ஒரு தேயிலைக் கன்னு கெடையாது. கோப்பி பூத்துச்சுன்னா மலையே வெள்ளையாயிரும், மல்லியப்பூ வாசம் நாங்க குடியிருந்த லயம் வரைக்கும் வரும். பழம் செவந்துச்சுன்னா ஊர்லேருந்து ஆளுங்கள நடத்திக் கூட்டிட்டு வருவாங்க. இடுப்புல சாக்குப் பையக் கட்டிக்கிட்டு நின்னு பழம் புடுங்கணும். மழையில நனைஞ்ச சாக்கு இடுப்ப அறுக்கும். கீழ பல்பர் வீட்டுல மெசின் பழத்தோல உரிச்சுத் தள்ளும். அந்தத் தோலு மலையாக் குவிஞ்சு புளிச்சு நாறும் பாருங்க, அந்த நாத்தம் எனக்கு இன்னிக்கும் புடிக்கும். யாரும் சிரிக்காதீங்க. உரிச்ச கொட்டையக் களத்துல காய வச்சு, மரப்பலகையால வாரி வாரிப் புரட்டுவாங்க. அந்தப் பலகை, அந்த இடுப்புச் சாக்கு, ஒண்ணும் இப்ப எந்த வீட்டுலயும் இல்ல. இலையில நோய் விழுந்து கோப்பி பட்டுப் போனப்ப எல்லாமே அடுப்புக்குப் போயிருச்சு.

நாங்க வந்து எறங்குனது அப்பேர்ப்பட்ட ஒரு பழக் காலத்துலதான். அப்பா, அம்மா, நான், அம்மாவோட தங்கச்சியான எங்க சின்னம்மா. கூட்டிட்டு வந்த கங்காணி அம்மாவுக்கு ஒண்ணு விட்ட அண்ணன், அதனால எனக்கு மாமா. லயத்துல நாலு பேருக்கும் ஒரே காம்பரா. மானாப்புல்லுக் கூரை, மண் சொவரு, ஜன்னலே கெடையாது. குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திட்டு உள்ளயே அடுப்பு மூட்டுவோம். மழைக்குத் தலையில போத்திக்கிட்டுப் போற கம்பளிதான் ராத்திரிக்கும் போர்வை. அது காயவே காயாது. கண்டிக் குளிர் அப்ப இன்னும் கடுமை, இப்ப உள்ளதெல்லாம் குளிரா?

டாக்டரய்யா வெள்ளிக்கிழமை தோறும் கண்டியிலேருந்து மட்டக் குதிரையில ஏறி வருவாரு. யாழ்ப்பாணத்துக்காரரு. வெள்ளைக்காரங்ககிட்ட வைத்தியம் படிச்சவரு, ஆனா அவரோட அப்பா நாட்டு வைத்தியராம். அதனாலயோ என்னமோ மேல கறுப்புக் கோட்டு, கீழ வேட்டி, நெத்தியில திருநீறு. ஸ்டோர் தாவாரத்துல அவருக்குன்னு ஒரு கதிரை போட்டு வைப்பாங்க. அவரு அதுல உக்கார மாட்டாரு, நோயாளிய உக்காரச் சொல்லுவாரு. நம்ம ஆளுங்களுக்குக் கதிரையில உக்காந்து பழக்கமா? மொத நாள் போன பெரியவரு ஒருத்தர் கதிரைக் காலைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டுத் தரையில உக்காந்துட்டாரு. டாக்டரய்யாவும் பேசாமத் தரையில உக்காந்து நாடி பாத்தாரு. எங்களப் பாத்து நீங்கள்னு பேசுன மொத படிச்ச மனுசன் அவருதான்.

ஆனா எங்க ஆளுங்களுக்கு அவர மொதல்ல புடிக்கல. மருந்து வாங்கப் போனா மருந்த எடுக்க மாட்டாரு, கேள்வியா கேப்பாரு. "காலமை என்ன சாப்பிட்டனீங்கள்? நித்திரை வருகுதோ? எந்தத் தண்ணி குடிக்கிறனீங்கள்? கம்பளி ஈரமோ, காய்ஞ்சதோ? வீட்டிலை ஆரோட சண்டை?" எல்லாத்தையும் கேட்டு முடிச்சுட்டுத்தான் நெஞ்சுல மரக்குழலை வச்சுக் காது குடுப்பாரு. இப்ப உள்ள டாக்டருங்க ரப்பர்க் குழாயக் காதுல மாட்டுறாங்களே, அது அப்ப கெடையாது. கடைஞ்செடுத்த ஒரு மரக்குழல், புல்லாங்குழல விட மொத்தமா இருக்கும். "காய்ச்சலுக்கு மருந்து கேட்டா, பொண்ணு பாக்க வந்தவரு மாதிரில்ல விசாரிக்கிறாரு"ன்னு எங்க அம்மா நொடிச்சா.

எங்க புள்ளைப் பட்டாளத்துக்கு அந்த மரக்குழல் மேல ஒரு கண்ணு. ஒரு நாள் நான் வாய விட்டே கேட்டுட்டேன். அவரு என்னைக் கூட்டிட்டுப் போயி குதிரையோட நெஞ்சுல ஒரு முனைய வச்சு, இன்னொரு முனைய என் காதுல வச்சாரு. ஆத்தாடி, உள்ள யாரோ உலக்கை போடுறாங்க! எங்க காம்பராக்காரங்க எல்லாரையும் விடக் குதிரைக்கு நெஞ்சு நல்லாருக்குன்னு அவரு சிரிச்சாரு. இந்தக் கதைய நான் அந்த வருசம் முழுக்க லயத்துல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

குதிரைய விட எங்க நெஞ்சு கெட்டுப் போயிருந்தது நெசந்தான். அப்பாவுக்கு விடாத இருமல். டாக்டரய்யா போத்தல் குடுக்கிறதுக்கு முந்தி எங்க காம்பராவப் பாக்கணும்னு வந்தாரு. தலையக் குனிஞ்சு உள்ள நொழைஞ்சவரு கண்ணெரிஞ்சு வெளிய வந்தாரு. "அடுப்புக்கு நேர மேலை கூரையிலை கை நுழையிற அளவுக்கு ஒரு ஓட்டை போடுங்கோ"ன்னாரு. அப்பா அரண்டுட்டாரு. ஒழுகாம இருக்க விரல் தேய விரல் தேயக் கட்டுன கூரை அது. அம்மா சும்மா இருப்பாளா? "கூரையப் பிரிக்கிற வைத்தியத்த எந்த ஊர்லங்க படிச்சீங்க?"ன்னு கேட்டுட்டா. அவரு கோவிக்கல. கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டிப் போட்டு, கித்துள் கருப்பட்டி சேத்துக் காய்ச்சிக் குடிக்கிறது உங்கட மருந்துதானே, அதையும் விடாதேங்கோ, இந்தப் போத்தலையும் விடாதேங்கோ, ஓட்டையையும் போடுங்கோன்னு சொல்லிட்டுப் போனாரு. கம்பளி ரெண்டு வேணும், ஒண்ணு மழைக்கு, ஒண்ணு படுக்கைக்குன்னு துரைகிட்டயும் பேசி வாங்கிக் குடுத்தாரு. அப்பா கடைசியில அரைமனசாக் கூரையில கைய விட்டாரு. கொஞ்ச நாள்ல இருமல் கொறைஞ்சுச்சு. புகை வெளிய போனதும் லயத்துல மத்த வீட்டுக்காரங்களும் வந்து அண்ணாந்து பாத்துட்டுப் போனாங்க.

தண்ணி விசயத்துலயும் இதே கூத்துதான். ஓடுற தண்ணிக்குத் தோசம் இல்லேன்னு நாங்க பல்பருக்குக் கீழ ஓடுற ஓடையிலதான் தண்ணி மொண்டு குடிச்சோம். ஊர்ல குட்டைத் தண்ணி குடிச்சவங்களுக்கு இது கங்கை மாதிரி. அவரு ஒரு கண்ணாடிக் கிளாசுல அந்தத் தண்ணிய மொண்டு கதிரை மேல வச்சுட்டு நோயாளியெல்லாம் பாத்து முடிச்சாரு. திரும்பி வந்து பாத்தா அடியில மஞ்ச வண்டல், மேல தோலு மெதக்குது. "இதைக் குடிக்கேலுமோ, சொல்லுங்கோ"ன்னாரு. எல்லாரும் போயிக் குடத்தக் கவுத்தோம். அன்னியிலேருந்து பல்பருக்கு மேல இருந்து மொண்டு, காய்ச்சித்தான் குடிச்சோம். நான் இன்னிக்கும் அப்படித்தான், உங்கள மாதிரி சோம்பேறி இல்ல.

இப்ப சின்னம்மா கதைக்கு வர்றேன். இம்புட்டு நேரம் சுத்திச் சுத்தி வந்தது அதச் சொல்லத் தயங்கித்தான்.

சின்னம்மாவுக்குப் புருசன் இல்ல. ஊர்ல மழை பொய்ச்ச வருசம் அவரு போயிட்டாரு. கைக்குழந்தை ஒண்ணு இருந்துச்சு, ஆம்பளப் புள்ள. அதைத் தூக்கிக்கிட்டுத்தான் எங்க கூடக் கண்டிக்கு நடந்தா. வழியில, மாத்தளைக்கு இன்னும் தூரம் கெடக்கிற காட்டுல, அந்தப் புள்ள காய்ச்சல் கண்டு செத்துப் போயிருச்சு.

தோட்டத்துக்கு வந்ததுலேருந்து அவ ஒண்ணும் பேசல. வேலைக்குப் போவா, வருவா, குடுத்தா திம்பா. அம்மா, "எந்தங்கச்சி கல்லு மாதிரி, தாங்கிக்கிட்டா"ன்னு எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லுவா. ஆனா ஒதடு வெளுத்துக்கிட்டே வந்துச்சு. கால் ரெண்டும் வீங்குச்சு. மேல் மலைக்கு ஏறுறப்போ நாய் எளைக்கிற மாதிரி எளைக்கும். ஒரு நாள் மழை விட்ட நேரம், லயத்துக்குப் பின்னாடி செம்மண் திட்டுல அவ நிக்கிறதப் பாத்தேன். நகத்தால சொரண்டிச் சொரண்டி எடுத்து வாயில போட்டுக்கிட்டிருந்தா. நாக்கெல்லாம் செவப்பு. அவசரமும் இல்ல, வெக்கமும் இல்ல, பொரி திங்கிற மாதிரி தின்னா. நான் ஓடிப் போயி அம்மாகிட்டச் சொன்னேன். பளார்னு ஒண்ணு விட்டா. "வெளிய மூச்சு விட்ட, தோலை உரிச்சுருவேன்."

அம்மா ஏன் அடிச்சான்னு எனக்கு அப்ப தெரியாது. மண்ணு திங்கிற ஆளு தேற மாட்டாங்கன்னு தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும். தேறாத ஆளோட பேரைக் கங்காணி வெட்டிருவாரு. பேர் போனா காம்பராவுல எடம் இல்ல, அரிசி இல்ல. கோப்பி வண்டியில ஏத்திக் கண்டியில எறக்கி விட்டுருவாங்க, வந்த வழியா ஊருக்கு நடந்து போகணும். அந்த வழியில நோயாளி நடந்து ஊர் சேந்ததா நாங்க யாரும் கேள்விப்பட்டதில்ல.

மூடி வச்சா மூடி இருக்குமா? சின்னம்மாவோட சாக்கு நெறையாததக் கங்காணி மாமா கவனிச்சாரு. காலையில ஆளுங்க வரிசையா நின்னு பேர் குடுக்கிற பெரட்டுல, எல்லார் முன்னாடியும் கேட்டே புட்டாரு. "மண்ணு திங்கிறாளாமே? வண்டி ஏத்திர வேண்டியதுதான்." அம்மா அவரு கால்ல விழுந்தா. "நம்ம ரத்தம் அண்ணே, பாத்துக்கிட்டு இருப்பீங்களா?" அவரு மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. "நானா வெட்டுறேன்? வேலை செய்யாத ஆளுக்குப் பேர் போட்டா துரை என் கழுத்தையில்ல புடிப்பாரு. சரி, கடைசிப் பழம் எடுக்கிற வரைக்கும் விடுறேன். அதுக்குள்ள தேறலேன்னா எங்கிட்ட வராத." மாமாவக் கெட்டவருன்னு நான் சொல்ல மாட்டேன். அவருக்கும் பயம்.

அந்த வெள்ளிக்கிழமை டாக்டரய்யா சின்னம்மாவப் பாத்தாரு. கண் ரெப்பைய எறக்கிப் பாத்து, ஒதட்டப் பாத்து, மரக்குழல வச்சு ரொம்ப நேரம் கேட்டாரு. ஒடம்புல ரத்தம் இல்லேன்னாரு. வயித்துப் பூச்சிக்கு மருந்து, அப்பறம் இரும்பு கலந்த ஒரு கறுப்பு மருந்து போத்தல்ல. அது குடிச்சா பல்லு கறுக்கும். ஓடைக்கரைப் பொன்னாங்கண்ணி, குரக்கன்னு சொல்ற கேப்பைக் கூழு, கருவாடு, கெடைச்சா முட்டை. அப்பா கீழ சிங்கள ஊருக்குப் போயி முட்டை வாங்கிட்டு வந்தாரு. சின்னம்மா எல்லாத்தையும் மறுக்காமக் குடிச்சா, தின்னா. தின்னுட்டுப் பின்னாடி போயி மண்ணையும் தின்னா. அடுத்த வெள்ளி வந்துச்சு, அதுக்கடுத்த வெள்ளியும் வந்துச்சு, வீக்கம் வடியல. மலையில பழம் கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. அம்மா தெனம் செடியப் பாத்துப் பாத்து வெளிறுனா.

அம்மா கோடாங்கியக் கூப்பிட்டா. அடுத்த லயத்துக்காரரு, உடுக்கடிச்சுக் குறி சொல்றவரு. ஒரு வெள்ளிக்கிழமை காலையில வாசல்ல உக்காந்து அடிக்க ஆரம்பிச்சாரு. அடிச்சு அடிச்சு வேர்த்து, "புள்ள கூடவே நிக்குது, என்னை வழியனுப்பலியே, வழியனுப்பலியேங்குது"ன்னாரு. கறுப்புச் சாவல் ஒண்ணும், அவள அடிக்க வேப்பங்குச்சியும் வேணும்னாரு. அந்த நேரம் பாத்துக் குதிரை வந்து நின்னுச்சு. சோலி முடிஞ்சது, டாக்டரய்யா உடுக்கையத் தூக்கி எறியப் போறாருன்னு லயமே எட்டிப் பாக்குது. அவரோ எறங்கி ஓரமா நின்னு முழுசாக் கேட்டாரு. முடிஞ்சதும் கோடாங்கி பக்கத்துல போயி, "அடிக்க வேண்டாம். ரத்தம் இல்லாத உடம்பு, தாங்காது. ஆனால் வழியனுப்பேல்லை எண்டு சொன்னனீங்களே, அது என்னது?"ன்னு கேட்டாரு. கோடாங்கிக்கு வாயெல்லாம் பல்லு. ஆனா அதுக்கு மேல அவருக்கும் தெரியல. வாயில வந்தது, சொன்னேன்னாரு.

டாக்டரய்யா வாசப்படியில சின்னம்மாவுக்கு எதிர உக்காந்தாரு. "தங்கச்சி, நான் தந்த மருந்து சரியான மருந்து. அது ஏன் வேலை செய்யேல்லை எண்டு எனக்கு விளங்கேல்லை"ன்னு அவகிட்டயே சொன்னாரு. எனக்கு விளங்கலைன்னு வாய் விட்டுச் சொன்ன டாக்டர அதுக்கப்பறம் நான் பாக்கவே இல்ல. அப்பறம் அவ மூஞ்சியப் பாத்துக் கேட்டாரு.

"நீங்கள் கடைசியா எப்ப அழுதனீங்கள்?"

சின்னம்மா நகத்தால வாசல் மண்ணச் சொரண்டுனா. அம்மாதான் முந்திக்கிட்டா. "அவ அழுவுறவ இல்லங்க. கல்லு மாதிரி." டாக்டரய்யா அம்மாவப் பாத்த பார்வையில அம்மா தலையக் குனிஞ்சா. அப்பறம் அம்மாவே வழியில நடந்ததச் சொல்லிட்டா.

நானும் கூட இருந்தேன், எனக்கும் நெனப்பு இருக்கு. அந்த வழியில ஒரு எடத்துல காய்ச்சக்காரங்கள மறிச்சு வைக்கிற கொட்டகை இருந்துச்சு. கூட்டத்துல ஒரு சாவுன்னு தெரிஞ்சா மொத்தப் பேரையும் உள்ள தள்ளிருவாங்க. உள்ள போனவங்க ஒருத்தருக்கு ஒருத்தர் ஒட்டிக்கிட்டுச் சாவாங்கன்னு பேச்சு. அந்தக் கொட்டகை கிட்ட வர்றப்போதான் புள்ளையோட ஒடம்பு குளுந்துச்சு. சின்னம்மா வாயத் தொறந்தா. அம்மா பாய்ஞ்சு அவ வாயப் பொத்திட்டா. பொத்துன கைய எடுக்காமலே கொஞ்ச தூரம் நடத்திக் கூட்டிட்டுப் போனா. கங்காணி மாமாவும் அப்பாவும் காட்டுக்குள்ள புள்ளையக் கொண்டு போயிட்டு வெறுங்கையா வந்தாங்க. அழாத, அழாதன்னு சொல்லிச் சொல்லித்தான் எங்க எல்லாரையும் உசுரோட கொண்டாந்து சேத்தா அம்மா. தப்புன்னு சொல்வீங்களா? எனக்குச் சொல்ல வாய் வரல.

டாக்டரய்யா கேட்டாரு. "உங்கட ஊரிலை சாவு விழுந்தால் என்ன செய்வியள்?" ஒப்பாரி வைப்போம், தோளத் தோளக் கட்டிக்கிட்டு அழுவோம்னாங்க பொம்பளைங்க. "அப்ப ஏன் இஞ்சை வைக்கேல்லை?" எல்லாரும் கூச்சல் போட்டாங்க. பொணம் இல்லாத வீட்டுல ஒப்பாரி வச்சா பொணம் தானா வந்து விழும்னு பயம். புள்ளகுட்டி உள்ள லயம் வேற. வந்து சேந்தப்பறம் ஒருத்தியும் அந்தப் பேச்சையே எடுக்காததுக்கு அதுதான் காரணம். டாக்டரய்யா அதெல்லாம் மூடநம்பிக்கைன்னு ஒரு வார்த்தை சொல்லல. கோடாங்கி பக்கம் திரும்பி, "வீட்டுக்கு ஆகாது எண்டால் எங்கை ஆகும்?"னாரு. கோடாங்கிக்கு இப்ப புத்தி நல்லா வேலை செஞ்சுச்சு. ஒடம்பு கெடைக்காம செத்தவங்களுக்கு உருவம் செஞ்சு எடுக்கிறது உண்டுங்க, ஓடையத் தாண்டிட்டா வீட்டுக்குத் தீட்டு இல்லன்னாரு. ஞாயித்துக்கிழமைன்னு பேசி முடிச்சாங்க.

அம்மா மட்டும் வர மாட்டேன்னுட்டா. எங்க ஊருப் பக்கம் எழவு விழுந்தா ஒப்பாரி எடுக்க அவளத்தான் தேடி வருவாங்க, அப்படி ஒரு கொரலு. அவ இல்லாம என்ன ஒப்பாரி? "எனக்குத் தொண்டை சரியில்ல, எம் புள்ளைக்கு ஆகாது"ன்னு என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. அப்பா எம்புட்டோ சொன்னாரு. இப்பதான் எனக்குப் புரியுது, அவளுக்குப் பயம் என்னைப் பத்தி இல்ல. தங்கச்சி மூஞ்சியப் பாத்து அழுவ அவளுக்குத் தைரியம் இல்ல.

ஞாயித்துக்கிழமை நல்ல வெயிலு. ஓடைக்கு அந்தப் பக்கம் பொம்பளைங்க கூடுனாங்க. ஆம்பளைங்க தள்ளி நின்னாங்க. கங்காணி மாமா வந்தாரு. டாக்டரய்யா அன்னிக்குன்னு வேல மெனக்கெட்டு ஏறி வந்திருந்தாரு. கோடாங்கி உருவம் செய்ய வைக்கோல எடுத்தாரு. சின்னம்மா வேண்டாம்னு கை காட்டிட்டுக் கரையில உக்காந்து செம்மண்ணத் தோண்ட ஆரம்பிச்சா. தண்ணி விட்டுப் பெசைஞ்சா. எல்லாரும் மூச்ச அடக்கிக்கிட்டுப் பாக்குறோம், வாயில போட்டுருவாளோன்னு. ஒரு உருண்டைய வாய் வரைக்கும் கொண்டு போனா. போனவ அப்படியே நிறுத்தி அதப் பாத்தா. அப்பறம் கீழ எறக்கி, மூக்கு வச்சா. காது வச்சா. தொப்புள் துருத்திக்கிட்டு நிக்கிற அந்த வயித்த வச்சா. ஐயோ, அச்சு அசல் எங்க தம்பிதான். நான் அப்பவே ஓன்னு அழுதுட்டேன்.

பொம்பளைங்க சுத்தி உக்காந்தாங்க. யாருக்கும் மொத வரி வரல. பின்னாடி காலடிச் சத்தம். அம்மா ஓடைத் தண்ணியில எறங்கி நடந்து வர்றா. தலைமுடி அவுந்து கெடக்கு. வந்து தங்கச்சி தோளக் கட்டிக்கிட்டு எடுத்தா பாருங்க:

"கூவி அழுதாக்கா கொட்டகையில் மறிப்பான்னு
பாவி நான் வாயப் பொத்திப் பாதையில நடத்தினேனே
தூளி கட்ட மரமிருந்தும் தொங்கவிட நேரமில்ல
நாழி மண்ண அள்ளிப் போட்டு நாம வந்து சேந்தோமே"

சின்னம்மாவுக்கு மொதல்ல அழுகை வரல, கோவந்தான் வந்துச்சு. அம்மாவ அடிச்சா. மாருல, மூஞ்சியில, கை வலிக்கிற மட்டும் அடிச்சா. அம்மா தடுக்கவே இல்ல, பாட்டையும் நிறுத்தல. அடிச்சு ஓஞ்சப்பறம் ஒரு சத்தம் போட்டா. அந்தச் சத்தத்துல ஹந்தானைக் காக்காயெல்லாம் எந்திரிச்சுப் பறந்துச்சு. அதுக்கப்பறம் வெயில் உச்சிக்கு வர்ற வரைக்கும் அழுகைதான். கூட இருந்தவங்க அவங்கவங்க வீட்டுச் சாவையெல்லாம் சேத்து அழுதாங்க. அந்த வழியில எத்தனை பேரு எத்தனை பேரை விட்டுட்டு வந்திருந்தாங்கன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு. கங்காணி மாமா மரத்தப் பாத்துத் திரும்பி நின்னாரு, துண்டு மூஞ்சியில. மண்ணுப் புள்ளையக் கரையிலயே குழி எடுத்து, பால் ஊத்தி மூடுனோம்.

வீட்டுக்கு வந்து சின்னம்மா படுத்தா. விடிஞ்சும் எந்திரிக்கல. பெரட்டுக்குக் கூப்பிட வந்த மாமா எட்டிப் பாத்துட்டு, தூங்கட்டும்னு போயிட்டாரு. எந்திரிச்சவ கேட்டது சோறு.

உடனே எல்லாம் சரியாப் போச்சுன்னு கதை விட மாட்டேன். மண்ணு ஆசை அதுக்கப்பறமும் ரெண்டொரு தடவை வந்துச்சு. அழுதாச்சு, இனி மருந்து எதுக்குன்னு அம்மா போத்தல மூலையில வச்சப்போ டாக்டரய்யாவுக்கு மொத தடவையாக் கோவம் வந்துச்சு. "அழுகை தன்ர வேலையைச் செய்தது. ரத்தம் ஊற இரும்பு வேணும். ரெண்டையும் விடப்படாது." மழையில பழம் புடுங்க வேண்டாம், களத்து வெயில்ல கொட்டை புரட்டுற வேலை குடுங்கோன்னு மாமாகிட்டச் சொன்னாரு. மாமா குடுத்தாரு. போகப் போக வீக்கம் வடிஞ்சுச்சு. ஒதட்டுல செவப்பு வந்துச்சு, மண்ணுச் செவப்பு இல்ல, அவளோட செவப்பு. கடைசிப் பழம் எடுத்த அன்னிக்கு அவ பேர் பெரட்டுல இருந்துச்சு.

மாமாவுக்கு ஒரு சந்தேகம். "அவளத் தேத்துனது போத்தலாங்க, ஒப்பாரியாங்க?"ன்னு கேட்டாரு. டாக்டரய்யா குதிரையில ஏறிக்கிட்டே சொன்னாரு. "ஓம், நல்ல கேள்வி. சோறு அவிஞ்சது தண்ணியாலையோ நெருப்பாலையோ எண்டு உங்கட வீட்டிலை கேட்டுச் சொல்லுங்கோ, நான் அடுத்த வெள்ளி வாறன்." போத்தல அடுக்கி வச்சிருக்கிறவளுகளே, உங்களுக்குந்தான் சொல்றேன்.

பழம் முடிஞ்சு, கணக்கு முடிஞ்சு, கூட்டம் ஊருக்குக் கெளம்புச்சு. அப்பெல்லாம் அப்படித்தானே, காலத்துக்கு வந்துட்டுக் காலத்துக்குத் திரும்புறது. ஹந்தானையிலேருந்து எறங்கி, கண்டி தாண்டி, மாத்தளை தாண்டிக் காட்டுக்குள்ள நடந்தோம். சின்னம்மா தலையில மூட்டையோட எல்லாருக்கும் முன்னாடி போனா. எனக்கே ஓடித்தான் எட்ட முடிஞ்சுச்சு.

கொட்டகைய நெருங்குறதுக்கு முந்தி அவ நின்னா. புள்ளைய வச்ச எடம் எதுன்னு கேட்டா. அப்பா ஒரு பாலை மரத்தக் காட்டுனாரு. மாமா, இல்ல, அந்தப் புத்துக்கு அங்கிட்டுன்னாரு. மழைக்காலம் போயிருந்துச்சு, எங்க பாத்தாலும் ஆள் உசரத்துக்குச் செடி. ரெண்டு பேரும் உள்ள போயித் தேடிட்டு முள்ளுக் கீறலோட வந்தாங்க. எடம் தெரியல. சின்னம்மா அழுவல. மூட்டைய எறக்கி வச்சுட்டுக் காட்டப் பாத்துக்கிட்டு நின்னா.

"பொழுது சாயுது, நட தாயி. யானை நடமாடுற எடம்"னு மாமா அவசரப்படுத்துனாரு.

"நீங்க போங்க அண்ணே. நான் ஊருக்கு வரல."

"என்னடி இது? எடமே தெரியல, எங்கன்னு நிப்ப?"

"எடம் தெரியலேன்னா என்ன, இந்த மண்ணுலதானே இருக்கான். நான் தோட்டத்துக்கே திரும்பிப் போறேன். எனக்குக் கை கால் இருக்கு, ஒடம்புல தெம்பு இருக்கு."

மாமா அம்மாவப் பாத்தாரு. அம்மா தன் மூட்டைய எறக்கித் தங்கச்சி மூட்டைக்குப் பக்கத்துல வச்சா. மாமா தலையில கைய வச்சுக்கிட்டாரு. "ஊர்ல கேட்டா நான் என்ன சொல்றது?"

"புள்ள இருக்கிற ஊர்ல தாய் இருக்கான்னு சொல்லுங்க."

அப்பா மூட்டைய எடுத்து மறுபடி தலையில வச்சாரு. நாங்க நாலு பேரும் கண்டிப் பக்கமாத் திரும்பி நடந்தோம்.